ஒன்பது முறை எம்.எல்.ஏ. என்றால்? ஒரு தேர்தல் கணக்கைப் படிக்கும் விதம்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் தம்பி மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டும் ஸ்கேலுமாக வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். ஈரோடு மாவட்டத்தில் நெடுங்காலம் அ.தி.மு.க. எம்.எல்.ஏ.வாகவும் அமைச்சராகவும் இருந்த கே.ஏ.செங்கோட்டையனின் தேர்தல் வரலாற்றை அட்டவணையாகப் போட்டிருந்தாள். வருடம், தொகுதி, கட்சி என்று மூன்று கட்டம், கீழே ஒன்பது வரி. முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது.

"ஏனுங்க பெரியப்பா, கோபியில ஒன்பது தடவை ஜெயிச்சவருன்னுதானுங்களே எல்லாருஞ் சொல்றாங்க. இங்க 1977-ல சத்தியமங்கலம்னு இருக்குது. இது தப்புங்களா?"

"தப்பில்ல கண்ணு. முதல் தடவை அவர் சட்டசபைக்குப் போனது சத்தியமங்கலத்துல இருந்துதான்" என்றேன். 1980-ல்தான் கோபிச்செட்டிபாளையத்துக்கு வந்தார். 1977 முதல் 2021 வரை மொத்தம் ஒன்பது வெற்றி. அதில் கோபி எட்டு, சத்தி ஒன்று.

அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு மத்தியானச் சாப்பாடு வரை பேசினோம். நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். தேர்தல் வேலைக்குப் பல முறை போனவன். எத்தனை முறை வென்றார் என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தால் ஒரு மார்க் கிடைக்கும். ஆனால் அந்த அட்டவணையின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு காலம் இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்தால் நம்ம ஊர் அரசியல் முழுக்கவே பிடிபடும். புதிதாகப் படிக்க வருகிற பிள்ளைகளுக்காக அன்றைக்குப் பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அடிப்படை. தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள். தொகுதிக்கு ஒரு உறுப்பினர். மேலவை 1986-லேயே ஒழிக்கப்பட்டுவிட்டதால் இங்கே இருப்பது ஒரே அவைதான். பேரவையின் ஆயுள் ஐந்து வருடம் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அது அதிகபட்சம், அவ்வளவுதான். இடையில் எப்போது வேண்டுமானாலும் கலையலாம்.

இது தெரியாவிட்டால் ஒன்பது முறை என்றதும் ஒன்பதை ஐந்தால் பெருக்கி 45 வருடம் என்று எழுதிவிடுவோம். என் தம்பி மகளும் அப்படித்தான் ஓரத்தில் எழுதி வைத்திருந்தாள். 1977-க்கும் 1991-க்கும் நடுவில் பாருங்கள். பதினான்கு வருடத்துக்குள் ஐந்து பொதுத்தேர்தல். 1977-ல் வந்த எம்.ஜி.ஆர். அரசு 1980 பிப்ரவரியில் கலைக்கப்பட்டது. 1984 டிசம்பரில் அமைந்த பேரவை, எம்.ஜி.ஆர். மறைந்த சில வாரங்களிலேயே 1988 ஜனவரியில் கலைந்தது. அப்புறம் ஒரு வருடம் ஆளுநர் ஆட்சி. 1989 ஜனவரியில் வந்த பேரவைக்கு ஆயுள் இரண்டே வருடம். 1991 ஜனவரியில் அதுவும் கலைக்கப்பட்டது. அந்தக் காலத்து எம்.எல்.ஏ.க்கள் வெற்றியைக் கொண்டாடி முடிப்பதற்குள் அடுத்த வேட்புமனு வந்துவிடும். செங்கோட்டையன் உறுப்பினராக இருந்த ஆண்டுகளை ஒவ்வொன்றாகக் கூட்டினால் நாற்பதுக்குக் கீழேதான் வரும்.

அடுத்தது தொகுதியின் பெயர். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

இன்றைக்கு வரைபடத்தில் சத்தியமங்கலம் என்ற சட்டமன்றத் தொகுதியைத் தேடினால் கிடைக்காது. ஊர் இருக்கிறது, தொகுதி இல்லை. 2008-ல் நடந்த தொகுதி மறுவரையறையில் அது நீக்கப்பட்டது. சத்தி டவுன் இப்போது பவானிசாகர் தொகுதிக்குள் வருகிறது. அதே சமயம் பவானிசாகர் தனித்தொகுதியாகவும் ஆனது. அதாவது அங்கே பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள் மட்டுமே நிற்க முடியும். கோவைப் பக்கம் பேரூர் போனது. திருப்பூர்ப் பக்கம் பொங்கலூரும் வெள்ளக்கோவிலும் போயின. ஈரோடு என்று ஒன்றாக இருந்தது கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிந்தது. ஆகவே 2006-க்கு முந்தைய வரியையும் 2011-க்குப் பிந்தைய வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது, பெயர் ஒன்றாக இருந்தாலும் எல்லை ஒன்றுதானா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். அதே கோபி என்று நாம் நினைப்போம். ஓட்டுப் போட்ட கிராமங்களில் சில மாறியிருக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கோபிச்செட்டிபாளையம் என்ற பெயரில் முன்பு இரண்டு தொகுதிகள் இருந்தன. ஒன்று சட்டமன்றத்துக்கு, இன்னொன்று மக்களவைக்கு. மக்களவைத் தொகுதி 2008-ல் போய்விட்டது. ஈ.வெ.கி.ச.இளங்கோவன் 2004-ல் "கோபியில் வென்றார்" என்று படித்தால், அது எம்.பி. தேர்தல். அவர் எம்.எல்.ஏ. ஆனது எப்போது? 1984-ல், காங்கிரஸ் வேட்பாளராக, அதே பழைய சத்தியமங்கலத்தில். அதற்கப்புறம் அவர் மறுபடி சட்டமன்ற உறுப்பினர் ஆனது 2023-ல், ஈரோடு கிழக்கில். நடுவில் 39 வருடம். முதல் முறை ஜெயித்த தொகுதியே இரண்டாம் முறை ஜெயிக்கும்போது உலகத்தில் இல்லை. அட்டவணையில் இரண்டே வரிதான். அந்த இரண்டு வரிக்கு நடுவில் ஒரு மனிதரின் வாழ்க்கையே போயிருக்கிறது.

சரி, கட்சிக் கட்டம். செங்கோட்டையனின் ஒன்பது வரியிலும் அ.தி.மு.க. என்றே தம்பி மகள் எழுதியிருந்தாள். பரீட்சைக்குப் போதும். ஆனால் 1989 வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் போடச் சொன்னேன். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் கட்சி ஜெயலலிதா அணி, ஜானகி அணி என்று உடைந்து, இரட்டை இலை முடக்கப்பட்டிருந்த தேர்தல் அது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. ஜெயலலிதா அணி மாநிலம் முழுக்க வென்றது 27 இடம். அந்த 27-ல் ஒன்று கோபி. எடப்பாடி கே.பழனிசாமி முதல்முறையாகப் பேரவைக்குள் நுழைந்ததும் அதே சேவல் சின்னத்தில்தான். தேர்தலுக்குப் பின் அணிகள் சேர்ந்து இரட்டை இலை திரும்பக் கிடைத்தது. கட்சிக் கட்டத்துக்குப் பக்கத்தில் சின்னத்துக்கும் ஒரு கட்டம் போட்டால் இந்த மாதிரி உடைப்புகள் கண்ணுக்குத் தெரியும்.

ஒன்பது வரி என்றேனே, அதுவே ஒரு குறைதான். ஜெயித்த வருடங்களை மட்டும் எழுதினால் கதையில் பாதி காணாமல் போகும். 1977 முதல் 2021 வரை நடந்த பொதுத்தேர்தல்கள் பதினொன்று. அவளை இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன். 1996-ல் தி.மு.க.வின் ஜி.பி.வெங்கிடுவிடம் கோபியில் தோற்றார். 2001-ல் அவர் போட்டியிடவே இல்லை. அந்த முறை கோபியில் அ.தி.மு.க. சார்பில் நின்று வென்றவர் எஸ்.எஸ்.ரமணீதரன். 2006-ல்தான் செங்கோட்டையன் திரும்ப வந்தார். தோல்வியும் போட்டியிடாததும் வேறு வேறு. இரண்டையும் வெறும் கோடு போட்டு விடக்கூடாது.

அப்படிச் சேர்த்ததும் 1991, 1996 இரண்டு வரியும் அடுத்தடுத்து வந்து நிற்கும். ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட சில வாரங்களில் நடந்தது 1991 தேர்தல். அ.தி.மு.க. - காங்கிரஸ் கூட்டணிக்கு 225 இடம். தி.மு.க.வுக்கு இரண்டு. ஐந்தே வருடத்தில் அலை அப்படியே திரும்பி, 1996-ல் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது நான்கு. ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். 1991-ல் ஜெயித்தவரை அசைக்க முடியாதவர் என்றும், 1996-ல் தோற்றவரை மக்கள் ஒதுக்கிவிட்டார்கள் என்றும் எழுதினால் இரண்டுமே நியாயமில்லை. ஒரு எம்.எல்.ஏ.வின் சொந்தச் செல்வாக்கை அறிய வேண்டுமானால், அவர் கட்சி தோற்ற வருடத்தில் அவர் என்ன ஆனார் என்று பார்க்க வேண்டும். 2006-லும் 2021-லும் ஆட்சி தி.மு.க.வுக்குப் போனது. கோபி மட்டும் செங்கோட்டையனோடு நின்றது. 2021-ல் அவருக்கு 1,08,608 வாக்கு, தி.மு.க.வின் ஜி.வி.மணிமாறனுக்கு 80,045. வித்தியாசம் 28,563. ஒன்பது என்ற எண்ணை விட எனக்கு இந்த வரிதான் அதிகம் சொல்கிறது.

வாக்கு வித்தியாசம் என்று வந்துவிட்டால் மொடக்குறிச்சியைப் பேசாமல் இருக்க முடியாது. 2021-ல் அங்கே பா.ஜ.க.வின் சி.சரஸ்வதிக்கு 78,125 வாக்கு. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசனுக்கு 77,844. வித்தியாசம் 281. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்த இடத்தில் இருநூற்று எண்பத்தொன்று! நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்தில் இரண்டு மூன்று பந்தியில் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள் அத்தனை பேரும்.

அந்த எண்ணைக் கிட்டத்தில் பார்த்தவன் நான் என்பதால் சொல்கிறேன். வாக்குச்சாவடி என்பது பெரும்பாலும் பள்ளிக்கூடத்து வகுப்பறைதான். பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, அட்டை மறைப்புக்குள் இயந்திரத்தை வைப்போம். காலையில் வேட்பாளர்களின் முகவர்கள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, அதை அழித்துக் காட்டிவிட்டுத்தான் உண்மையான வாக்குப்பதிவு தொடங்கும். ஒருவர் பட்டியலில் பெயரைப் பார்த்து உரக்கச் சொல்வார். ஒருவர் விரலில் மை வைத்து 17ஏ பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார். சாயங்காலம் முடிந்ததும் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்று 17சி படிவத்தில் எழுதி முகவர்களுக்கு ஒரு நகல் கொடுக்க வேண்டும். ஒரு எண்ணிக்கை ஒத்து வரவில்லை என்றாலும் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு சாவடிக்குச் சுமார் ஆயிரம் வாக்காளர்கள். மத்தியான வெயிலில் வரிசை கலைந்து, "அப்புறம் வர்றனுங்க" என்று திரும்பிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் பலர் வருவதில்லை. தொகுதி முழுக்க அப்படித் திரும்பிப் போகிறவர்களில் ஒரு சின்னப் பங்குதான் 281. அதனால்தான் வித்தியாசக் கட்டத்தை நான் யாருக்கும் விடச் சொல்வதில்லை.

வித்தியாசம் சிறிதா பெரிதா என்பதோடு, எதிரே யார் நின்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2021-ல் கோவை தெற்கில் வானதி சீனிவாசன் 53,209 வாக்குகளுடன் வென்றார். கமல்ஹாசனுக்கு 51,481, காங்கிரஸின் மயூரா ஜெயக்குமாருக்கு 42,383. மூன்று பேருக்கும் ஓட்டு கிட்டத்தட்டச் சமபங்காகப் பிரிந்த மும்முனைப் போட்டி. வென்றவருக்குக் கிடைத்தது பதிவான வாக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நம் தேர்தல் முறையில் பாதிக்கு மேல் வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை. மற்ற எல்லாரையும் விட ஒரு ஓட்டு கூடுதலாக இருந்தால் போதும். இதே வானதி 2016-ல் இதே தொகுதியில் நின்று மூன்றாவது இடம் பெற்றவர். 2021 வரியை மட்டும் படித்தால் திடீர் வெற்றி போலத் தெரியும்.

இதற்கு நேர் எதிர், ஈரோடு கிழக்கு. 2025 பிப்ரவரி இடைத்தேர்தலில் தி.மு.க.வின் வி.சி.சந்திரகுமார் 91,558 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மலைக்க வைக்கும் எண். ஆனால் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் அந்தத் தேர்தலில் போட்டியிடவில்லை. அதைப் பக்கத்தில் எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினால் படிப்பவர் ஏமாந்துபோவார். சந்திரகுமாரின் வரிகளைத் தனியாகப் படித்தாலும் சுவைதான். 2011-ல் இதே ஈரோடு கிழக்கில் தே.மு.தி.க. சார்பில் வென்றவர், 2016-ல் தி.மு.க. கூட்டணியில் நின்று அ.தி.மு.க.வின் கே.எஸ்.தென்னரசுவிடம் தோற்றார். ஒன்பது வருடம் கழித்து அதே தொகுதி திரும்பக் கிடைத்தது.

அதே இடைத்தேர்தலில் இரண்டாம் இடம் நாம் தமிழர் கட்சியின் மா.கி.சீதாலட்சுமிக்கு, 24,151 வாக்கு. இரண்டாம் இடம் பெற்றும் டெபாசிட் போய்விட்டது. எப்படி? செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் கட்டிய பணம் திரும்ப வரும். அங்கே நோட்டா போக விழுந்தது ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் ஆறில் ஒரு பங்கு இருபத்தையாயிரத்தை நெருங்கும். அந்தக் கோட்டை எட்ட முடியவில்லை. டெபாசிட் போனவர் கடைசியில் வந்தவர் என்று நினைக்க வேண்டாம். நோட்டாவுக்கு விழும் ஓட்டு இந்தக் கணக்கில் சேராது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

டெபாசிட் தொகை இப்போது சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. 1996 வரைக்கும் அது வெறும் 250 ரூபாய். அந்த வருடம் மொடக்குறிச்சியில், தங்கள் குறைகளை நாடு திரும்பிப் பார்க்கட்டும் என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்தார்கள். களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். வாக்குச்சீட்டைச் சீட்டாக அடிக்க முடியாமல் புத்தகமாகத் தைத்தார்கள். என் மாமனாருக்கு ஓட்டு அங்கேதான். பக்கம் பக்கமாகப் புரட்டிச் சின்னத்தைத் தேடி முத்திரை குத்தியதைச் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வென்றவர் இதே சுப்புலட்சுமி ஜெகதீசன். ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு நடுவில் ஜெயித்தவர், இருபத்தைந்து வருடம் கழித்து அதே மண்ணில் 281-ல் தோற்றார். அந்த 1996-லேயே சட்டம் திருத்தப்பட்டு டெபாசிட் 5,000 ஆனது. சுயேச்சைகளுக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்ற விதியும் வந்தது.

பதவிக் கட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.எல்.ஏ.வாக இருப்பதும் அமைச்சராக இருப்பதும் ஒன்றல்ல, தேதிகளும் ஒன்றாக இருக்காது. செங்கோட்டையன் 1991 அமைச்சரவையில் போக்குவரத்தைப் பார்த்தார். 2011-ல் மறுபடி அமைச்சராகி, 2012-லேயே நீக்கப்பட்டார், எம்.எல்.ஏ. பதவி அப்படியே இருந்தது. 2017 முதல் 2021 வரை பள்ளிக்கல்வி. மாநில ரேங்க் அறிவிப்பு நின்றதும், பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்ததும் அந்தக் காலத்தில்தான். வகுப்பறையில் நின்றவனுக்கு இவை மறக்காது. எம்.பி. பதவியையும் தனியாக எழுதுங்கள். எடப்பாடி பழனிசாமியின் அட்டவணையில் 1989, 1991 வெற்றிக்குப் பின் 2011 வரை சட்டமன்ற வெற்றி எதுவும் இருக்காது. ஆனால் 1998-ல் அவர் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குப் போனார்.

கடைசிக் கட்டம், பதவி எப்படி முடிந்தது என்பது. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். காலம் முடியலாம், பேரவை கலையலாம், உறுப்பினர் இறக்கலாம். ஈரோடு கிழக்கில் 2023 ஜனவரியில் திருமகன் ஈவெரா இறந்து அவருடைய தந்தை இளங்கோவன் வந்ததும், 2024 டிசம்பரில் அவரும் இறந்ததும் ஒரே பேரவைக் காலத்துக்குள். தகுதிநீக்கமும் நடக்கலாம். 2017 செப்டம்பரில் பேரவைத் தலைவர் அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் 18 பேரைத் தகுதிநீக்கம் செய்தார். அவர்களில் ஒருவர் அரவக்குறிச்சி வி.செந்தில்பாலாஜி. 2016-ல் அ.தி.மு.க.வுக்காக வென்ற அதே அரவக்குறிச்சியில் 2019 இடைத்தேர்தலில் தி.மு.க.வுக்காக வென்றார்.

"அப்ப கட்சியை விட்டு நீக்கிட்டா எம்.எல்.ஏ. பதவியும் போயிருமுங்களா?" என்றாள்.

போகாது. நல்ல கேள்வி இது. கட்சித்தாவல் தடைச் சட்டம் 1985-ல் வந்தது. தானாக முன்வந்து கட்சியை விட்டாலோ, கட்சிக் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோதான் பதவி போகும். கட்சியே நீக்கினால் போகாது. ஆனால் நீக்கப்பட்டவர் பதவியோடு வேறு கட்சியில் போய்ச் சேர முடியுமா? தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 1996-ல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. அ.தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு ம.தி.மு.க.வில் சேர்ந்த ஜி.விசுவநாதன் வழக்கு அது. நீக்கப்பட்டாலும், எந்தக் கட்சி வேட்பாளராக ஜெயித்தாரோ அந்தக் கட்சி உறுப்பினராகவே சட்டம் அவரைப் பார்க்கும். வேறு கட்சியில் சேர்ந்தால் தகுதி போய்விடும்.

இதை வைத்துக்கொண்டு 2025-ஐப் பார்த்தால் ஒவ்வொரு தேதியும் விளங்கும். அக்டோபர் 31 அன்று செங்கோட்டையன் அ.தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார். அன்றும் அவர் எம்.எல்.ஏ.தான். நவம்பர் 26 அன்று பேரவைத் தலைவரிடம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். மறுநாள் தமிழக வெற்றிக் கழகத்தில் சேர்ந்தார். முதலில் ராஜினாமா, அப்புறம் கட்சி. அந்த வரிசைக்குக் காரணம் இந்தச் சட்டம்தான்.

"அப்ப கோபிக்கு இடைத்தேர்தல் வெக்கோணுமல்லங்க?"

காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்பது விதி. மீதிக் காலம் ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. 2021 மே மாதம் தொடங்கிய பேரவைக்கு மிச்சம் இருந்தது ஆறு மாதம்கூட இல்லை.

அவள் நோட்டைத் திருப்பி, ஸ்கேல் வைத்துப் புதிதாகப் பதினொரு வரி போட்டாள். மூன்றாக இருந்த கட்டம் எட்டாகிவிட்டது. வருடம், தொகுதி, கட்சி, சின்னம், எதிரே நின்றவர், வித்தியாசம், வகித்த பதவி, முடிந்த விதம். கடைசி வரியில் கடைசிக் கட்டத்தில் "ராஜினாமா, 26-11-2025, இடைத்தேர்தல் இல்லை" என்று எழுதி மூடிவிட்டு, பக்கத்துத் தாளில் சுப்புலட்சுமி ஜெகதீசன் என்று தலைப்புப் போட்டாள்.